குடம் உடைவதும் கசிவதும்

பனிக்குடம் உடைந்துவிட்டது என்று எழுதுகிறோம். பேச்சில் அது பன்னீர்க்குடம் ஆகிவிடும்; 'பன்னீர்க்குடம் உடைஞ்சிருச்சு, ஆட்டோ புடிங்க' என்பார்கள். இரண்டிலும் இருப்பது குடம், அதற்கான வினைச்சொல் உடைதல். குடம் உடைந்தால் என்ன ஆகும்? தடாலென்று தண்ணீர் கொட்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும், சந்தேகத்துக்கே இடமில்லை. சினிமாவும் அதைத்தான் காட்டுகிறது.

ஆனால் பலருக்கு நடப்பது அது இல்லை. சவ்வில் மேல்பக்கமாக ஒரு சின்னக் கிழிசல். குழந்தையின் தலை கீழே கார்க் மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். எழுந்தால் கொஞ்சம், இருமினால் கொஞ்சம் என்று நீர் கசிகிறது. உள்ளாடை ஈரமாகிறது, அவ்வளவுதான். இது பனிக்குட நீரா, சிறுநீரா, கடைசி மாதத்தில் அதிகமாகும் வெள்ளைப்படுதலா? ஒன்பதாம் மாதத்தில் சிறுநீர்ப்பை மேல் மூன்று கிலோ எடை உட்கார்ந்திருக்கும்போது சிறுநீர் கசிவதும் சகஜம். வெள்ளைப்படுதல் கூடுவதும் சகஜம். மூன்றும் ஒரே வழியாக, ஒரே துணியில்தான் வந்து சேருகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். குழந்தை அதைக் குடிக்கும், மறுபடி கழிக்கும். ஆக, உண்மையான கேள்வி 'இது சிறுநீரா' என்பதல்ல, 'யாருடைய சிறுநீர்' என்பது. இந்தக் கேள்விக்கு விடை தேடி மருத்துவம் நூறாண்டுக்கும் மேலாக என்னென்ன செய்தது என்று பழைய ஆய்விதழ்களில் தேடிப் படித்தபோது, நான் நினைத்ததைவிட அது நீளமான கதையாக இருந்தது. இடையில் ஒரு சாராய ஆலைகூட வருகிறது. சாராயம் என்பது கொஞ்சம் மிகை, பீர் ஆலை.

முதலில், தெரிந்தே ஆகவேண்டிய அவசியம் என்ன? மாதம் நிறைந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேருக்கு வலி வருவதற்கு முன்பே நீர் போகத் தொடங்குகிறது. சவ்வு என்பது குழந்தைக்கும் வெளியுலகக் கிருமிகளுக்கும் நடுவில் இருக்கும் மதில். மதில் திறந்துவிட்டது, வலியும் வரவில்லை என்றால், நேரம் போகப்போகத் தாய்க்கும் குழந்தைக்கும் நோய்த்தொற்று அபாயம் ஏறும். அபூர்வமாக, தலை சரியாகப் பொருந்தாமல் இருந்தால், தொப்புள்கொடி நீரோடு வழுக்கிக் கீழே வந்துவிடலாம். அது நிமிடக் கணக்கில் உயிர் போகும் விஷயம். மறுபக்கம், உடையாததை உடைந்தது என்று முடிவு கட்டினால் மருந்து கொடுத்து வலி வரவழைப்பார்கள், ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்கள். மாதம் நிறையாத குழந்தையாக இருந்தால் அதை அவசியமில்லாமல் வெளியே எடுக்கும் நிலைகூட வரலாம். எந்தப் பக்கம் தப்பானாலும் விலை உண்டு.

பழைய நூல்களில் இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரிவதில்லை. சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம் எட்டாம் அத்தியாயம் பிரசவம் நெருங்குவதன் அறிகுறிகளை வரிசையாகச் சொல்லி, பிறகு வலி தோன்றும், கர்ப்போதகம், அதாவது கருநீர், பெருகும் என்கிறது. வலி முதலில், நீர் அடுத்து. பெரும்பாலான பிரசவங்களில் வரிசை இதுதான். அப்படி வந்துவிட்டால் கேள்வியே எழாது. நீரா இல்லையா என்று ஆராய்வதற்குள் குழந்தை வந்துவிடும். வரிசை மாறினால்தான் தலைவலி. அந்தத் தலைவலிக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒரு லத்தீன் பெயரும் வைத்திருந்தார்கள்: ஹைட்ரோரியா கிராவிடேரம், கர்ப்பகால நீர்ப்போக்கு. நீர் போகிறது, ஆனால் பிரசவம் ஆகவில்லை என்ற கேஸ்களை எல்லாம் இந்தப் பெயரில் போட்டு மூடிவைத்தார்கள். பெயர் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி வரும். எங்கள் துறையிலும் 'தெரிந்த பிழை' என்று ஒரு லேபிள் உண்டு.

அந்தக் காலத்து மருத்துவர் கையில் இருந்த ஒரே கருவி விரல். உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். நீர் நிரம்பிய சவ்வு தட்டுப்பட்டால் உடையவில்லை, குழந்தையின் தலைமுடி தட்டுப்பட்டால் உடைந்துவிட்டது. அந்த விரல் என்ன செய்தது என்பது வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் எழுதிவைத்த கணக்கில் இருக்கிறது. வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் மாணவர்களும் மருத்துவர்களும் பார்த்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் சாவு அதிகம். 1847 ஏப்ரலில் மட்டும் 18 சதவீதத்துக்கு மேல். பிணப்பரிசோதனை முடித்த கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள் என்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். ஜூனில் 2 சதவீதம் சொச்சம். கதையின் இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் கேள்வியின் பக்கமிருந்து பார்த்தால் இதற்கு இன்னொரு பொருள் வருகிறது. மதில் உடைந்ததா என்று பார்க்கப் போகிறவனே எதிரியைக் கையில் சுமந்துகொண்டு போகிறான். பார்ப்பதே ஆபத்து. இந்த முடிச்சு கைகழுவுவதோடு அவிழவில்லை. பயம் எந்த அளவுக்கு இருந்தது என்றால், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க மருத்துவமனைகளில் கருப்பை வாய் திறந்ததா என்பதை மலக்குடல் வழியே விரல் விட்டுத்தான் பல இடங்களில் பார்த்தார்கள். அந்தப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கட்டுரைகளில் யாரும் எழுதவில்லை.

விரல் வேண்டாம், கண்ணால் பார்க்கலாம் என்றால் ஸ்பெகுலம் வேண்டும். இன்று நம் ஊர் லேபர் வார்டுகளில் ஒவ்வொரு தட்டிலும் இருக்கும் சிம்ஸ் ஸ்பெகுலத்தின் கதை இன்னும் கசப்பானது. ஜே. மேரியன் சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி நகரில் மருத்துவர். நாள்கணக்கில் இழுத்த பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவில் ஓட்டை விழுந்து, எப்போதும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும் பெண்களுக்கு அதைத் தைத்துச் சரிசெய்யும் வழியை 1840களில் தேடினார். சோதனை செய்தது கறுப்பின அடிமைப் பெண்கள் மேல், மயக்க மருந்து இல்லாமல், திரும்பத் திரும்ப. அனார்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. உள்ளே பார்ப்பதற்காக அவர் ஒரு கரண்டியை வளைத்துச் செய்ததுதான் அந்தக் கருவியின் தொடக்கம். சிறுநீர் ஒழுக்கை அடைக்கப் பிறந்த கருவி, பிற்பாடு சிறுநீர் ஒழுக்கா பனிக்குட ஒழுக்கா என்று பிரித்துப் பார்க்கப் பயன்பட்டது.

முறை எளிது. பெண்ணைக் கொஞ்ச நேரம் படுக்கவைக்கிறார்கள். கிருமி நீக்கிய ஸ்பெகுலத்தை வைத்துக் கருப்பை வாயைப் பார்க்கிறார்கள், இருமச் சொல்கிறார்கள். வாயிலிருந்து நீர் வழிந்தால், பின்பக்கக் குழிவில் குட்டைபோலத் தேங்கியிருந்தால், விஷயம் முடிந்தது. இன்றும் இதுதான் முதல் சாட்சி. ஆனால் எல்லா நீரும் ஏற்கெனவே போய்விட்டிருந்தால்? விட்டுவிட்டுக் கசிந்தால்? தேங்கியிருப்பதே சிறுநீராக இருந்தால்?

இங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது, அதுவும் பிரசவக் காய்ச்சலின் வால் பிடித்து. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆல்பர்ட் டோடர்லைன் 1892இல் ஒரு நூல் வெளியிட்டார். யோனியில் சுரக்கும் நீரும் பிரசவக் காய்ச்சலில் அதன் பங்கும் என்பது பொருள். ஆரோக்கியமான பெண்களிடம் ஒருவகைக் கோல் வடிவ பாக்டீரியா குடியிருக்கிறது, அது லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த அமிலத்தில் மற்ற கிருமிகள் பிழைப்பது கஷ்டம் என்று காட்டினார். தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்தின் உறவுக்காரர்கள்தான். அவர் தேடியது காய்ச்சலின் காரணத்தை. கூடவே கிடைத்தது, யோனி இயல்பிலேயே புளிப்பானது என்ற உண்மை. பனிக்குட நீரோ புளிப்பில்லாதது, லேசாகக் காரத்தன்மை கொண்டது. அப்படியானால் புளிப்பு போய்விட்டதா என்று பார்த்தாலே போதுமே!

ஆனால் புளிப்பை எண்ணால் சொல்ல ஒரு அளவுகோல் வேண்டும். அது 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் உருவாக்கிய பிஹெச் அளவுகோல். இதில் யோனியின் பிஹெச் ஏறத்தாழ 4.5 அல்லது அதற்கும் கீழே. பனிக்குட நீர் 7ஐக் கொஞ்சம் தாண்டும். இது மடக்கை அளவு என்பதால் இரண்டரைப் புள்ளி வித்தியாசம் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவில் 300 மடங்குக்கு மேல். இத்தனை பெரிய இடைவெளி கிடைத்தால் எந்த இன்ஜினியரும் சந்தோஷப்படுவான்.

அந்த இடைவெளியின் நடுவில் நிறம் மாறும் சாயம் நைட்ரசின். அமிலத்தில் மஞ்சள், 6.5 வாக்கில் தாண்டினால் நீலம். 1938இல் பாப்டிஸ்டி என்பவர் அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து அதே இதழில் ஆபே என்பவர் சோதித்து எழுதினார். பஞ்சில் தொட்டு ஒரு மஞ்சள் தாளில் வைத்தால் போதும். மலிவு, நொடியில் விடை, மைக்ரோஸ்கோப் தேவையில்லை. லேபர் வார்டுகளில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், தாளுக்குப் பனிக்குடம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது புளிப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். ரத்தம் கலந்தாலும் நீலம், விந்து இருந்தாலும் நீலம், சோப்பு, சில கிருமிநாசினிகள் பட்டாலும் நீலம். டோடர்லைனின் பாக்டீரியாக்கள் குறைந்து வேறு கிருமிகள் பெருகியிருந்தாலும் நீலம். சிறுநீர்த் தொற்று இருந்தால் சிறுநீரே காரமாகி நீலம் காட்டலாம்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானே வைத்தவை, எந்த ஆய்விலும் எடுத்தவை அல்ல. ஈரமாக இருக்கிறது என்று 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 300 பேருக்குத்தான் உண்மையில் உடைந்திருக்கிறது. உடைந்தவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், உடையாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விலக்கும் ஒரு டெஸ்ட் கையில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீலம் காட்டுபவர்கள் 270ம் 140ம் சேர்த்து 410 பேர். அதில் 140 பேருக்கு, மூன்றில் ஒருவருக்கு, எதுவும் உடையவில்லை. உடைந்தும் மஞ்சள் காட்டி வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் 30 பேர். சாஃப்ட்வேரில் தப்பான அலாரம் அடித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தன் எழுந்து உட்கார்ந்து திட்டுவான். இங்கே டிரிப் ஏற்றி வலி வரவழைப்பார்கள்.

அடுத்து வந்தது ஒரு இலை. அதாவது பெரணி. நியூயார்க்கில் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ், பாப் ஸ்மியர் என்று இன்று எல்லோரும் சொல்லும் பரிசோதனையின் சொந்தக்காரர், 1946இல் ஒன்றைக் குறித்தார். கருப்பை வாயின் சளியைக் கண்ணாடித் தட்டில் காயவிட்டால் மாதச்சுழற்சியின் நடுவில் பெரணி இலை மாதிரிப் படிகம் விரிகிறது. உப்பும் புரதமும் செய்யும் கோலம் அது. சரி, இதற்கும் நமக்கும் என்ன? கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் ஓங்கியிருப்பதால் சளியில் இந்தக் கோலம் வருவது நின்றுவிடுகிறது. ஆனால் பனிக்குட நீரிலும் உப்பும் புரதமும் உண்டு, அது காய்ந்தால் மெல்லிய கிளைகளோடு பெரணி விரிகிறது. ஆகவே நிறைமாதப் பெண்ணின் ஸ்லைடில் பெரணி தெரிந்தால் அது குழந்தையின் பக்கமிருந்து வந்தது. இந்தத் தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நைட்ரசின் 'புளிப்பில்லை' என்று மட்டும் சொல்லும், பெரணி 'இன்னது இருக்கிறது' என்று காட்டும். ஆனாலும் கைரேகை பட்டால் பொய்க்கோலம், ரத்தம் கலந்தால் கோலமே வராது. மேலும் பத்து நிமிடம் காயவிட வேண்டும், மைக்ரோஸ்கோப் வேண்டும், அதில் பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆளில்லா நேரத்தில்தான் பிரசவங்கள் வரும்.

1965இல் பிரோசென்ஸ், கார்டன் இருவரும் நைல் ப்ளூ என்ற சாயத்தைப் பயன்படுத்தினார்கள். குழந்தையின் தோலிலிருந்து உதிரும் எண்ணெய்ச் செல்கள் ஆரஞ்சு நிறமாகும், மற்றவை நீலம். மாதம் நிறைய நிறையத்தான் இந்தச் செல்கள் சேரும் என்பதால், முடிவு மிகவும் தேவைப்படும் குறைமாதக் கேஸில் இது கைவிட்டுவிடும். இதைவிடத் துணிச்சலான வழியும் இருந்தது. வயிற்றின் வழியே ஊசி போட்டுப் பனிக்குடத்துக்குள் சாயத்தைச் செலுத்தி, கீழே பஞ்சு வைத்து, அது நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. வீட்டுத் தொட்டி ஒழுகுகிறதா என்று பிளம்பர் சாயம் கலந்து பார்ப்பாரே, அதேதான். 1970இல் ஈவன்ஸ் ப்ளூவை வைத்துச் செய்தார்கள், பிறகு இண்டிகோ கார்மைன் பரவலானது. மெத்திலீன் ப்ளூ போட்ட இடங்களில் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தன, அதனால் அது விலக்கப்பட்டது. இவ்வளவு உறுதியான விடை வேறெதிலும் இல்லை. ஆனால் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஓட்டை போடுகிறோம்.

1970களில் சோவியத் ஒன்றியத்தில் பெட்ரூனின் பனிக்குட நீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் பாம்ஜி-1 என்று பெயர் வந்தது. பனிக்குட நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கான நானோகிராம் இருக்கும். சவ்வு உடையாதபோது யோனியில் ஒரு நானோகிராம்கூட இருக்காது. ஃபின்லாந்தில் இதேபோல வேறொரு புரதத்தைப் பிடித்தார்கள். பிறகு இவை கர்ப்பம் பார்க்கும் கார்டு போல இரண்டு கோட்டு டெஸ்ட்களாகக் கடைக்கு வந்தன. பல நேரம் ஸ்பெகுலமே வேண்டாம். எண்களைப் பார்த்தால் முந்தைய எல்லாவற்றையும்விட நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 2018 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. இந்த டெஸ்ட்களின் முடிவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அப்படி எடுத்ததில் குழந்தை இறந்த புகார்கள்கூட வந்திருக்கின்றன என்பது சாரம். அட்டையிலேயே 'மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கவும்' என்று அச்சிட்டிருந்தது. கோடு ஒன்றா இரண்டா என்று கையில் இருக்கும்போது அட்டையை யார் படிக்கிறார்கள்?

இடையே, உறுதியாக உடைந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1996இல் ஒரு பெரிய விடை வந்தது. டொரோன்டோவைச் சேர்ந்த மேரி ஹன்னா குழுவினர் ஆறு நாடுகளில், 72 மருத்துவமனைகளில் 5,041 பெண்களிடம் நடத்திய ஆய்வு. உடனே வலி வரவழைத்தாலும் காத்திருந்தாலும் குழந்தைக்கு வரும் தொற்றிலும் சிசேரியன் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆக்ஸிடோசின் கொடுத்து உடனே வரவழைத்தவர்களில் தாய்க்கு வரும் தொற்று 4 சதவீதம், காத்திருந்தவர்களில் 8.6. அடுத்த ஆண்டு அதே தரவை மறுபடி அலசினார்கள். தாய்க்குத் தொற்று வருவதோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து ஏறியது விரல் பரிசோதனைகளின் எண்ணிக்கை. கையுறை வந்துவிட்டது, கிருமிநாசினி வந்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் வந்துவிட்டது, செம்மல்வைஸ் காலம் முடிந்து 150 ஆண்டு ஆகிவிட்டது, அப்போதும் விரல்! அதனால்தான் இன்று வலி தொடங்காத பெண்ணுக்கு நீர் போகிறதா என்று பார்க்க விரல் பரிசோதனை வேண்டாம் என்கிறது பிரிட்டனின் வழிகாட்டல். அப்படி ஒருவர் விரல் விட்டுப் பார்க்க வந்தால் 'எதுக்கு, ஸ்பெகுலம் வச்சுப் பாக்க முடியாதா' என்று கேட்பதற்குக் கர்ப்பிணிக்கோ கூட வந்த அம்மாவுக்கோ முழு உரிமை உண்டு.

2013இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஒரு பேடுக்கு ஆதரவு தெரிவித்தது. உள்ளாடையில் வைக்கும் சாதாரணப் பேட், நடுவில் ஒரு மஞ்சள் பட்டை. பிஹெச் மாறினால் நிறம் மாறும். சிறுநீர் பட்டு நிறம் மாறினால் காய்ந்ததும் மஞ்சளுக்குத் திரும்பிவிடும், பனிக்குட நீர் பட்டால் திரும்பாது. நீலமானால் மருத்துவமனைக்கு, ஆகாவிட்டால் ஸ்பெகுலத்துக்குப் படுக்கும் அவஸ்தை மிச்சம். 1938இன் அதே வேதியியல், இந்தமுறை அந்தப் பெண்ணின் கையிலேயே.

அந்தப் பேட் இல்லாத வீட்டில் செய்யக்கூடியது பழைய வழிதான். சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த வெள்ளைத் துணியோ சாதாரண நாப்கினோ வைத்து அரைமணி படுத்துவிட்டு எழுந்து பார்ப்பது. எழுந்ததும் ஒரு மடக்கு வெளியே வந்தால், அடக்கியும் நிற்காவிட்டால், அமோனியா வாடை இல்லாமல் தெளிவாகவோ வெளிர் வைக்கோல் நிறமாகவோ இருந்தால், பனிக்குட நீராக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே எதையும் வைக்கக்கூடாது, உடலுறவு கூடாது. துணியைத் துவைக்காமல் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அதற்கும், ரத்தம், காய்ச்சல், கெட்ட வாடை, குழந்தையின் அசைவு குறைவது, 37 வாரம் ஆகாமல் நீர் போவது, இவற்றுக்கெல்லாம் அரைமணிச் சோதனையே வேண்டாம், நேராகக் கிளம்ப வேண்டும். கீழே கொடி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் முழங்காலும் முழங்கையும் ஊன்றி, தலை தாழ, இடுப்பு உயரக் குனிந்தபடி ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். மற்றபடி சந்தேகமாக இருந்தாலும் போய்க் காட்டுவதுதான் சரி. சிறுநீர்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் ஒரு ஆட்டோ காசு போகும், அவ்வளவுதானே.